கண்ணாடி மட்டும் போதுமா?

ஆல்பர்ட் மேசல்ஸின் 'ஐரிஸ்' (2014) ஆவணப்படத்தை முதல்முறை பார்த்தபோது, நியூயார்க்கின் ஐரிஸ் ஆப்ஃபெல் அணிந்த பெரிய வட்டக் கண்ணாடி மட்டுமே எனக்குத் தெரிந்தது. அதேபோல் ஒன்று வாங்கினேன், எடுபடல. இரண்டாம் முறைதான் துணியைக் கவனித்தேன். கணவர் கார்லோடு சேர்ந்து பழைய நூற்றாண்டுகளின் துணிகளை மறுபடி நெய்ய வைத்தவர். வெள்ளை மாளிகைச் சீரமைப்பிலும் வேலை செய்தவர். திரைச்சீலையைப் பார்த்த அதே கண்ணால்தான் மேலங்கியையும் பார்த்தார். 2005இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவர் உடைகளைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு 84 வயது. படமோ அவர் பேச்சில் மயங்கி, அந்த நெசவுத் தொழிலை அவசரமாகக் கடக்கிறது. எனக்கு அதுதான் குறை. ஆனா நான் மட்டும் என்ன? அம்மா பழைய புடவையை வெட்டி ஜன்னல் திரை தைத்தபோது, "கலரே ஒத்துப்போகலம்மா" என்று கழற்ற வைத்தவன்.