மூக்கை மறந்த முத்தக் கணக்கு

முத்தம் நாம் உலகுக்குக் கொடுத்த கொடை என்று ஒரு பேச்சு சில வருடங்களாகச் சுற்றுகிறது. வேதத்திலேயே இருக்கிறதாம், அலெக்சாண்டரின் சிப்பாய்கள் அதை மூட்டை கட்டிக்கொண்டு போய் மேற்கே இறக்கினார்களாம். காதலர் தினம் நெருங்கினால் எதிர்க்கட்சி கிளம்பும்: முத்தம் மேல்நாட்டுச் சரக்கு, நம் பண்பாட்டில் ஏது? இரண்டு தரப்பும் முத்தமென்றால் உதடு என்று முடிவுகட்டிவிட்டுத்தான் வாயைத் திறக்கின்றன.

கொடைப் பெருமைக்கு 2023இல் அடி விழுந்தது. மெசபடோமியக் களிமண் பலகைகளில் கி.மு. 2500 அளவிலேயே வாய்முத்தம் பதிவாகியிருப்பதை ஆர்பெல், ராஸ்முசென் என்ற டென்மார்க் தம்பதியர் 'சயின்ஸ்' இதழில் எடுத்துக்காட்டினார்கள். அதற்கு முன் 2015இல் மானிடவியலாளர் ஜான்கோவியாக்கின் குழு 168 பண்பாடுகளை அலசி, 46 விழுக்காட்டில்தான் காதல் முத்தம் உண்டு என்றது. உழைப்புள்ள ஆய்வு. அவர்கள் எண்ணியது உதட்டோடு உதடு சேரும் காதல் முத்தத்தை மட்டும். அதைப் படித்துவிட்டு, பாதி உலகுக்கு முத்தமே தெரியாது என்று எழுதுகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

நம் விமர்சகர்கள் போகும் தடமும் தேய்ந்த தடம்தான். குறளின் 113ஆம் அதிகாரம், ஆண்டாள் சங்கிடம் விசாரித்த வாய்ச்சுவை, காமசூத்திரத்தின் அலுப்பூட்டும் பட்டியல். அங்கிருந்து ஒரே தாவலில் சினிமா: 1933இன் 'கர்மா'வில் தேவிகா ராணி, அப்புறம் பூவும் பூவும் உரசிக்கொண்ட நெடுங்காலம், முத்தத்தை அனுமதிக்கலாம் என்ற, திரைத் தணிக்கையை ஆராய்ந்த கோஸ்லா குழுவின் 1969 அறிக்கை, 1986இல் 'புன்னகை மன்னன்', கடைசியில் தெருவுக்கு இறங்கி 2014இல் கொச்சி முத்தப் போராட்டம். வழியில் ஒரு பெரிய மாளிகை இருக்கிறது. யாரும் நுழைவதில்லை.

பிள்ளைத்தமிழைச் சொல்கிறேன். பத்துப் பருவத்தில் ஐந்தாவது முத்தப் பருவம். ஒரு வயதுக் குழந்தையிடம் பெரியவர்கள் கையேந்தி நின்று முத்தம் கேட்பதையே இலக்கணமாக வகுத்து வைத்திருக்கிறோம். ஒட்டக்கூத்தர் சோழ அரசனைக் குழந்தையாக்கினார். குமரகுருபரர் மீனாட்சியிடம் கேட்டார். பகழிக்கூத்தரின் திருச்செந்தூர்ப் பாட்டில் இது உச்சம். முத்தம் என்ற சொல்லுக்குள் முத்தும் இருப்பதால், முத்து பிறக்கும் இடங்களையெல்லாம் அடுக்கி, அத்தனைக்கும் விலை சொல்லலாம், முருகன் வாய்முத்தத்துக்குச் சொல்ல முடியாது என்று முடிப்பார். நபிகள் நாயகம் மீதும் இயேசுவின் மீதும் பிள்ளைத்தமிழ் பாடினார்கள். அந்த மரபைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் 'சிற்றிலக்கியம்' என்ற பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டோம்.

இன்னும் பெரிய மறதி உச்சி முகர்தல். வால்மீகி ராமாயணத்தில் தந்தையர் மகனின் தலையை முகர்கிறார்கள். பாரதி கண்ணம்மாவைக் குழந்தையாக்கிய பாட்டில் உச்சி முகர்தலும் கன்னத்து முத்தமும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டுக்கும் ஒரே தகுதி. மலாயில் 'சியும்' என்ற ஒரே சொல் முகர்வதையும் முத்தமிடுவதையும் குறிக்கும். இனூயிட் தாய் குழந்தையின் கன்னத்தில் மூக்கை வைத்து மூச்சை இழுக்கிறாள். வெளியார் அதை மூக்கு உரசல் என்று கேலிச்சித்திரமாக்கினார்கள். யாழ்ப்பாணத்தில் கொஞ்சுவது என்றாலே முத்தமிடுவதுதான். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், முத்தம் தெரியாத பாதி உலகம் எங்கே?

எங்கள் பாலாற்றங்கரையில் முத்தம் பல சொல்லில் புழங்குகிறது. வேலூர்க் கத்தோலிக்கர்கள் பெரிய வெள்ளியன்று சிலுவையை 'முத்தி செய்கிறார்கள்'. ஆம்பூரில் பாங்கில் நபியின் பெயர் கேட்டதும் கட்டைவிரல்களை முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றுகிறவர்கள் உண்டு, கூடாது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அந்தச் சந்தேகம் பழையது. நீ வெறும் கல்தான் என்று தெரியும், நபி முத்தமிட்டதைப் பார்த்ததால் முத்தமிடுகிறேன் என்று கலீபா உமரே கஅபாவின் கருங்கல்லிடம் சொன்னதாக ஹதீஸ் உண்டு. அதே ஆம்பூரில் ஷூ கம்பெனி வேன் இறக்கிவிட்ட பெண்கள் பசை வாடையும் தோல் வாடையும் போகக் கைகால் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குகிறார்கள். தூக்கியதும் முதலில் போவது மூக்கு, தலைக்கு. இந்த முத்தம் எந்தச் சிறுகதையிலும் என் கண்ணில் படவில்லை. எழுதுகிறவர்கள் இங்கேயிருந்து தொடங்கட்டும்.

அதே பாலாற்றங்கரை விரிஞ்சிபுரத்தில் கார்த்திகைக் கடை ஞாயிறுக்கு வந்து பாருங்கள். குழந்தை வரம் கேட்கும் பெண்கள் சிம்மக் குளத்தில் முழுகி, ஈரச்சேலையோடு மார்க்கபந்தீசுவரர் கோயிலுக்குள் கனவுக்காகப் படுப்பார்கள். கனவு பலித்தவர்கள் கைக்குழந்தையோடு வரிசையில் நிற்பார்கள். முன்பின் தெரியாத கிழவி ஒருத்தி நகர்ந்து வந்து, அந்தப் பிள்ளையின் மோவாயை ஐந்து விரலாலும் தொட்டு, தன் விரல்களைக் குவித்துத் தானே முத்தமிட்டுக்கொள்வாள். பிறகு, பேர் என்ன வெச்சே என்று கேட்பாள்.