பாட்டிலை ஒதுக்கிவையுங்கள், சீசர் சாலட் செய்யலாம்!

சாலட் என்றாலே நம்மவர்களுக்கு ஓர் இளக்காரம் உண்டு. சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் மிரட்டினால் சாப்பிடுவது, கல்யாணத்துக்கு முன்னால் உடம்பு இளைக்கச் சாப்பிடுவது, மற்றபடி ஓரமாகத் தள்ளிவிடுவது. இப்படிப் பேசுகிறவர்கள் என் வீட்டுக்கு வந்தால் நான் வாதாடுவதே இல்லை. பெரிய மரக்கிண்ணத்தை எடுத்து மேஜை நடுவில் வைத்து, அவர்கள் கண்ணெதிரிலேயே சீசர் சாலட் கலந்து கொடுத்துவிடுவேன். அப்புறம் பேச்சே இருக்காது. வாய் நிறைய இருக்கும்போது எங்கிருந்து பேசுவது?

உப்பு, புளிப்பு, பூண்டு மணம், சீஸின் கொழுப்பு, மிளகின் காரம், இலையின் குளிர்ச்சி, ரொட்டியின் மொறுமொறுப்பு. இத்தனையும் ஒரே வாயில் வந்து விழுகிற இன்னொரு சாப்பாடு எனக்குத் தெரியாது. ஆனால் ஒரே ஒரு நிபந்தனை. இலையில் புரட்டும் ட்ரெஸ்ஸிங்கும், வறுத்த ரொட்டித் துண்டான க்ரூட்டானும் உங்கள் கையால் செய்ததாக இருக்க வேண்டும். கடையில் வாங்கிய பாட்டிலைக் கவிழ்த்து, பாக்கெட் ரொட்டித் துண்டைத் தூவினால் அதற்குப் பெயர் வேறு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். சீசர் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இந்த சீசர், ரோமாபுரிச் சக்கரவர்த்தி இல்லை. இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த சீசர் கார்டினி என்ற சாப்பாட்டுக் கடைக்காரர். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. கலிஃபோர்னியாக்காரர்களுக்குத் தாகம் எடுத்தால் எல்லை தாண்டி மெக்சிகோவின் டிஹுவானா நகருக்குப் போய்விடுவார்கள். அவர்களை நம்பி அங்கே கடை போட்டவர்களில் கார்டினியும் ஒருவர். 1924ஆம் ஆண்டு ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். கூட்டம் அள்ளிவிட்டது, சமையல்கட்டில் சரக்கு தீர்ந்துபோனது, கையில் இருந்த கீரை, முட்டை, ரொட்டி, சீஸை வைத்து வாடிக்கையாளர் மேஜைக்கே போய் ஒரு நாடகம் மாதிரி கலந்து கொடுத்துச் சமாளித்தார் என்பது அவருடைய மகள் ரோசா சொன்ன கதை. கார்டினியின் சகோதரர் அலெக்ஸுக்கும் இதில் பங்கு கேட்பவர்கள் உண்டு. அந்தச் சமையல்கட்டில் வேலை பார்த்த லிவியோ சாந்தினிதான் தன் அம்மாவின் கைப்பக்குவத்தில் முதலில் செய்தார் என்றும் ஒரு கட்சி இருக்கிறது. நல்ல சாப்பாட்டுக்குச் சொந்தம் கொண்டாட ஆள் வருவது எல்லா ஊரிலும் நடப்பதுதானே!

சமையல் உலகின் பெரிய பெயரான ஜூலியா சைல்ட், சிறுமியாக இருந்தபோது அப்பா அம்மாவோடு டிஹுவானா போய், கார்டினியே தள்ளுவண்டியை உருட்டிவந்து சாலட் கலந்ததைப் பார்த்திருக்கிறார். 1975இல் வந்த தன் புத்தகத்தில் அதை ஆசையாக எழுதியிருக்கிறார். ரோசாவிடமே கேட்டு அசல் செய்முறையையும் வாங்கியிருக்கிறார்.

நான் இருப்பது சான் டியாகோ. டிஹுவானா கூப்பிடு தூரம். டிராமில் ஏறி சான் இசிட்ரோவில் இறங்கினால் எல்லையை நடந்தே தாண்டிவிடலாம். ரெவலூசியான் அவென்யூவில் கார்டினி பெயரிலான சீசர்ஸ் உணவகம் இன்றைக்கும் நடக்கிறது. நீளமான மர பார், சுவர் நிறையப் பழைய புகைப்படங்கள். சாலட் கேட்டால் உள்ளேயிருந்து தட்டில் வராது. ஆளே வண்டியோடு வருவார். அகலமான மரக்கிண்ணத்தில் ஆன்ச்சோவி மீன், பூண்டு, கடுகு பேஸ்ட் போட்டு மரக்கரண்டியால் நசுக்குவார். முட்டையின் மஞ்சள் கரு விழும். வூஸ்டர்ஷயர் சாஸ் நாலு சொட்டு. பச்சை எலுமிச்சையைப் பிழிவார். ஆலிவ் எண்ணெயை ஒரு கையால் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே மறு கையால் சுழற்றுவார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தனையும் சேர்ந்து பளபளவென்று ஒரு குழம்பாகிவிடும். அதில் ரொமைன் லெட்டூஸ் இலைகளை நறுக்காமல் முழுசாகப் போட்டு, ஒவ்வொரு இலையும் குளித்து எழும்படி புரட்டி, தட்டில் அடுக்கி, வட்டமாக வறுத்த ஒரே ஒரு ரொட்டித் துண்டை வைத்துக் கொடுப்பார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. தட்டியும் விட்டேன்.

இதை வீட்டில் செய்ய முடியுமா என்றால், தாராளமாக முடியும். நாலு பேருக்கு அளவு சொல்கிறேன்.

முதலில் க்ரூட்டான். ஒருநாள் பழசான புளித்த மாவு ரொட்டி, அதாவது சவர்டோ, பாதி போதும். கத்தியால் கட்டம் கட்டமாக வெட்டாதீர்கள். கையால் பிய்த்துப் போடுங்கள். பிய்த்த ரொட்டியில் மேடு பள்ளம் நிறைய இருக்கும். பள்ளத்தில் எண்ணெய் தங்கும், மேடு நன்றாகச் சிவக்கும். 3 மேஜைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் ஒரு பல் பூண்டைத் துருவிப் போட்டு, உப்பு சேர்த்து, ரொட்டித் துண்டுகளைக் கையாலேயே பிசறுங்கள். 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் அவனில் வைத்து, நடுவில் ஒரு தடவை கிளறிவிட்டு, 12லிருந்து 15 நிமிடத்தில் எடுத்துவிடலாம். அவன் இல்லாதவர்கள் கனமான வாணலியில் சின்னத் தீயில் புரட்டிப் புரட்டி வறுக்கலாம். வெளியே மொறுமொறு, நடுவில் துளி மெத்து. அதுதான் பக்குவம். சாலட்டுக்குப் போய்ச் சேரும் வரை அதன் பக்கம் யாரையும் விடாதீர்கள். எங்கள் வீட்டில் பாதி, தட்டிலேயே காணாமல் போய்விடும்.

அடுத்தது ட்ரெஸ்ஸிங். உயிர்நாடியே இதுதான். ஆன்ச்சோவி என்பது உப்பில் மாதக்கணக்கில் ஊறிப் பக்குவப்பட்டு, எண்ணெயில் போட்டு டப்பாவில் வரும் மத்தியதரைக்கடல் மீன். நம்ம ஊர் நெத்திலியும் அதுவும் ஒரே குடும்பம். ஐந்தாறு துண்டுகளை ஒரு பல் பூண்டோடும் ஒரு சிட்டிகை உப்போடும் அம்மியில் வைத்து வழுவழுவென்று அரைத்துவிடுங்கள். கிண்ணத்தில் வழித்துப் போட்டு 2 மஞ்சள் கரு, ஒரு தேக்கரண்டி டிஜான் கடுகு பேஸ்ட், அரைத் தேக்கரண்டி வூஸ்டர்ஷயர் சாஸ், 2 மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கலக்குங்கள். அமெரிக்கப் புத்தகங்களில் மஞ்சள் லெமன்தான் போடச் சொல்லியிருப்பார்கள். டிஹுவானாவில் பிழிவதோ சின்னப் பச்சைப் பழம், நம் எலுமிச்சைக்கு அது ரொம்ப நெருக்கம். ஆகவே தமிழ்நாட்டில் இருந்து செய்கிறவர்களுக்கு யோகம்தான். வூஸ்டர்ஷயர் சாஸிலும் நமக்குத் தெரிந்த ஒரு சரக்கு ஒளிந்திருக்கிறது. புளி! பாட்டிலைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படித்துப் பாருங்கள்.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். மொத்தம் அரைக் கப் எண்ணெய். அதில் பாதி ஆலிவ் எண்ணெய், மீதி வாசமில்லாத சூரியகாந்தி எண்ணெய். முழுக்க எக்ஸ்ட்ரா வர்ஜின் ஊற்றி மிக்ஸியில் அடித்தால் சில சமயம் கசந்துவிடும். கை விஸ்க் வைத்து அடித்துக்கொண்டே முதலில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கொஞ்ச நேரத்துக்கு எண்ணெய் தனியாக, மஞ்சள் தனியாக முரண்டு பிடிக்கும். திடீரென்று ஒரு கணத்தில் கலவை இறுகி, நிறம் வெளுத்து, விஸ்க் போகிற வழியெல்லாம் கோடு கோடாகத் தடம் நிற்கும். மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின் செய்கிற வேலை இது. அதன் ஒரு முனை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தடம் தெரிந்ததும் மீதி எண்ணெயைத் தாரையாக ஊற்றலாம். கடைசியில் அரைக் கப் துருவிய பார்மசான் சீஸ், அப்போது இடித்த மிளகு. தோசை மாவு பதத்தில் இருக்க வேண்டும். கெட்டியாகிவிட்டால் ஒரு கரண்டி தண்ணீர் போதும். உப்பை மட்டும் கடைசியில் பாருங்கள். மீனிலும் சீஸிலும் ஏற்கெனவே ஏராளமாக இருக்கிறது. ருசி பார்க்க விரலை விடாதீர்கள், ஓர் இலையைத் தோய்த்துக் கடித்துப் பாருங்கள். விரலில் கரிப்பது இலையில் சரியாக இருக்கும்.

ஐயோ, அந்த முதல் கடி! பாட்டிலில் வருகிற இனிப்பு கலந்த வெள்ளைக் கூழுக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

இலைக்கு வருவோம். ரொமைன் லெட்டூஸ் 2 கட்டு. நடு நரம்பு தடித்து, தண்ணீர் கோத்து நிற்பதால்தான் கெட்டியான ட்ரெஸ்ஸிங்கைத் தாங்குகிறது. வேறு மெல்லிய லெட்டூஸ் என்றால் துவண்டு படுத்துவிடும். இலைகளைப் பிரித்து ஐஸ் தண்ணீரில் 10 நிமிடம் போட்டால் வாடினதுகூட விறைத்துக்கொள்ளும். அப்புறம் சொட்டு ஈரம் இல்லாமல் துடையுங்கள். இலையில் தண்ணீர் இருந்தால் ட்ரெஸ்ஸிங் ஒட்டாமல் வழுக்கிக் கிண்ணத்தின் அடியில் போய்த் தேங்கிவிடும். பருத்தித் துண்டில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்த்தால், கலக்கிற நேரத்துக்கு ஜில்லென்று தயாராக இருக்கும்.

"இதெல்லாம் வயிற்றுக்குக் காணுமா?" என்று கேட்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. எலும்பில்லாத கோழித் தொடைக்கறியை உப்பு, மிளகு, எலுமிச்சையில் அரை மணி நேரம் ஊறவைத்து, இரும்புக் கல்லில் சுட்டு, பட்டை பட்டையாக நறுக்கி மேலே வையுங்கள். கூடவே 7 நிமிடம் வேகவைத்த முட்டை, மஞ்சள் நடுவில் கொழகொழவென்று இருக்கும், ஆளுக்கொன்று. கோழி அசலில் கிடையாது என்று சாத்திரம் பேசுகிறவர்கள் பேசட்டும். ராத்திரிச் சாப்பாடு முடிந்தது, சோறு வைக்க வேண்டாம், குக்கர் கழுவ வேண்டாம். சைவக்காரர்கள் கறுப்புக் கொண்டைக்கடலையை அவித்து, எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்துப் போடலாம், அமர்க்களமாக இருக்கும்.

தூத்துக்குடியிலிருந்து அப்பா வந்திருந்தபோது இதைத்தான் வைத்தேன். "என்னட்டி இது, ஆட்டுக்குப் போடுற தழையக் கொண்டாந்து வச்சிருக்க?" என்றார். ஒரு வாய் போனது. மெல்வதை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினார். "ஏட்டி, இதுல நெத்திலி போட்டிருக்கியா?" கடற்கரைக்காரர் நாக்கை ஏமாற்ற முடியுமா! "ஆமாப்பா" என்றேன். அவ்வளவுதான், ஃபோர்க்கை ஓரமாக வைத்துவிட்டு, இலையைக் காம்போடு கையில் தூக்கி, கிண்ணத்தின் விளிம்பில் இருந்ததை வழித்து வழித்துச் சாப்பிட ஆரம்பித்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கார்டினி கடையில் ஆரம்பத்தில் இப்படித்தான் சாப்பிட்டார்கள். இலையை நறுக்காமல் முழுசாக விட்டதே விரலால் எடுத்துச் சாப்பிடத்தான். அப்பாவுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். பச்சை முட்டை எல்லாருக்கும் ஆகாது. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் பாஸ்ச்சரைஸ் செய்த முட்டை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மஞ்சள் கருவுக்கும் எண்ணெய்க்கும் பதிலாக அரைக் கப் மயோனைஸில் மற்றதையெல்லாம் கலக்குங்கள், முக்கால்வாசி ருசி வந்துவிடும். முட்டை சாப்பிடுகிற சைவக்காரர்கள் ஆன்ச்சோவியை மட்டும் விட்டால் போதாது. வூஸ்டர்ஷயர் சாஸிலும் பெரும்பாலும் மீன் உண்டு. அசல் இத்தாலியப் பார்மசானைக் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்த்துத்தான் உறையவைக்கிறார்கள். சைவ ரென்னெட் என்று அச்சிட்ட கெட்டிச் சீஸ் கடைகளில் இருக்கிறது. மீனின் கரிப்புக்கு ஊறுகாய் போட்ட கேப்பர் மொட்டுகளை ஒரு கரண்டி அரைத்துச் சேர்த்தால் குறையே தெரியாது.

கலப்பதற்கு ஒரு வரிசை உண்டு. அகலமான கிண்ணத்தில் முதலில் ட்ரெஸ்ஸிங்கில் பாதி. அதன்மேல் இலை. இரண்டு கையாலும் அடியிலிருந்து அள்ளிப் புரட்டுங்கள். போதவில்லை என்றால் மட்டும் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். பிறகு க்ரூட்டான், ஒரே ஒரு புரட்டு. மேலே பார்மசானைப் பட்டையாகச் சீவிப் போட்டு, மிளகைத் தாராளமாக இடித்துத் தூவினால் முடிந்தது. மிஞ்சிய ட்ரெஸ்ஸிங்கை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே தீர்த்துவிடுங்கள். வேகவைத்த உருளைக்கிழங்குக்கும் சாண்ட்விச்சுக்கும் அபாரமாக இருக்கும்.

நூறு வயது தாண்டிய பதார்த்தம் இது. 2024இல் டிஹுவானாவில் விழாவே எடுத்தார்கள். இத்தனை காலம் நின்றதற்குக் காரணம் அந்தக் கிண்ணத்துக்குள்தான் இருக்கிறது, வேறெங்கும் தேட வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய ரொட்டி, இரண்டு முட்டை, ஓர் எலுமிச்சம்பழத்தோடு ஆரம்பியுங்கள். ஒன்றே ஒன்று: கலந்து வைத்துவிட்டுச் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடாதீர்கள், இலை துவண்டு ரொட்டி ஊறிவிடும். எல்லாரையும் மேஜையில் உட்காரவைத்துவிட்டு அப்புறம் கலக்குங்கள்.