மூன்றில் இரண்டு பங்கு வீணா? ஒரு வரைபடத்தின் மேல் சில கேள்விகள்

ஆற்றல் சேமிப்பு பற்றிய எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் முதல் ஐந்து ஸ்லைடுக்குள்ள ஒரு படம் வந்துடும். இடது பக்கம் நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு, அணு, சூரியன் என்று வண்ண வண்ணப் பெட்டிகள். நடுவுல மின்நிலையம், வீடு, தொழிற்சாலை, வாகனம். வலது ஓரத்தில் இரண்டே பெட்டிகள். அடர் சாம்பல் நிறத்தில் "பயன்பட்ட ஆற்றல்", வெளிர் சாம்பல் நிறத்தில் "புறந்தள்ளப்பட்ட ஆற்றல்". இரண்டாவதுதான் பெரிசு. 2019-க்கான படத்தில் மொத்தம் 100.2 குவாட், அதுல புறந்தள்ளப்பட்டது 67.5. ஒரு குவாட் என்பது ஏறக்குறைய 29,300 கோடி யூனிட்டுக்குச் சமம்.

இது அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடம் 1970களின் நடுப்பகுதியிலிருந்து வெளியிட்டு வரும் ஆற்றல் ஓட்ட வரைபடம். இந்த வகைப் படத்துக்கே சாங்கி வரைபடம்னு பெயர். 1898-ல் கேப்டன் சாங்கி என்ற பொறியாளர் ஒரு நீராவி எஞ்சினுக்கு வரைஞ்சது பிரபலமாகி, அவர் பெயரே நிலைச்சுடுச்சு.

படத்தைக் குறை சொல்ல எனக்கு ஆசை இல்லை. ஒரு நாட்டின் ஆற்றல் கணக்கை ஒரே பக்கத்தில் காட்டுற வேலையை இதைவிட நல்லா செஞ்ச படத்தை நான் பார்த்ததில்லை. என் சண்டை அதை வாசிக்கிற முறையோட. "மூன்றில் இரண்டு பங்கு வெப்பமா வீணாகுது, அதைப் பிடிச்சாலே போதும்" என்ற ஒரு வரிதான் அந்த ஸ்லைடோட எப்பவும் கூட வருது. அந்த வரி தப்பு. அதை நம்பி முடிவெடுத்தா காசு தப்பான மெஷினுக்குப் போகும்.

அளந்ததா, அனுமானிச்சதா?

படத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கு. பெரும்பாலானவங்க படிக்கிறதில்லை. வீடுகள், வணிகக் கட்டடங்களின் திறன் 65 சதவீதம், போக்குவரத்து 21, தொழில்துறை 49 என்று வைத்துக் கணக்கிட்டதாக அதுல எழுதியிருக்காங்க. அதாவது ஒவ்வொரு துறைக்குள்ளும் போகும் ஆற்றல்தான் புள்ளிவிவரம். அது பயனாகவும் கழிவாகவும் பிரியும் இடம், ஒரு துறைக்கு ஒரே பெருக்கல் எண்.

தொழில்துறையின் எண் முன்னாடி 80 சதவீதமா இருந்தது. 2017-ல் அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வுக்கு ஏற்ப 49 ஆக்கினாங்க. தொழில்துறைக்குப் போறது சுமார் 25 குவாட். 31 புள்ளி குறைச்சா கிட்டத்தட்ட 8 குவாட் ஒரு சாம்பலிலிருந்து இன்னொரு சாம்பலுக்குத் தாவும். எந்த உலையும் மாறலை, எந்தக் குழாயும் கூடுதலா ஒழுகலை. மாறியது எண் மட்டும். திருத்தினது சரியான வேலை, அதைக் குறிப்பில் சொன்னது இன்னும் சரி. ஆனா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துல வச்சு "விரயம் கூடிடுச்சு"ன்னு யாராவது சொன்னா, அந்தக் குறிப்பைப் படிச்சீங்களான்னு கேளுங்க.

இன்னொன்று சூரிய, காற்று, நீர் மின்சாரம். ஒரு யூனிட் என்பது 3,412 பி.டி.யூ. ஆனால் பல ஆண்டுகளாக அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் இந்த மின்சாரத்தை, அதே அளவை எரிபொருள் நிலையம் உற்பத்தி செய்ய எவ்வளவு எரிச்சிருக்கும் என்று பார்த்து, கிட்டத்தட்ட இரண்டரை மடங்காகக் கணக்கில் எழுதியது. இந்த வரைபடமும் அதையே பின்பற்றியது. விளைவு, ஒரு காற்றாலையின் கணக்கிலும் புறந்தள்ளப்பட்ட வெப்பம் வந்துடும். எரியவே எரியாத நிலக்கரியின் சூடு! 2023-ல் அந்த நிர்வாகம் இந்த முறையைக் கைவிட்டது.

சூட்டுக்கும் தரம் உண்டு

மேலே சொன்னவை கணக்கியல் சிக்கல், திருத்திக்கலாம். அடுத்தது இயற்பியல். படத்தில் பட்டையின் அகலம் அளவை மட்டும் காட்டும். எத்தனை டிகிரியில் இருக்குன்னு காட்டாது. கழிவு வெப்பத்தைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியதே அந்த டிகிரிதான்.

1824-ல் சாடி கார்னோ சொன்னது இதுதான். வெப்பத்திலிருந்து எவ்வளவு வேலை எடுக்கலாம் என்பதற்கு உச்ச வரம்பு உண்டு, அதை முடிவு செய்வது சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம். இன்றைய வடிவில் கணக்கு எளிது. இரண்டையும் கெல்வினுக்கு மாத்தி, குளிரைச் சூட்டால் வகுத்து, ஒன்றிலிருந்து கழிச்சா போதும். வெளியே 30 டிகிரி என்று வைப்போம். 350 டிகிரி வெப்பத்துக்கு வரம்பு 51 சதவீதம். 90 டிகிரிக்கு 16 சதவீதம். 40 டிகிரிக்கு 3 சதவீதம். இதுவும் தாராளக் கணக்கு. வெப்பத்தைக் கொடுக்கக் கொடுக்கப் புகையோ தண்ணீரோ ஆறிக்கிட்டே போகும். அதையும் சேர்த்தால் 350 டிகிரிப் புகைக்கு 32 சதவீதம், 90 டிகிரித் தண்ணீருக்கு 9 சதவீதம்தான் மிஞ்சும். இப்படி "இதிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு வேலை வரும்" என்ற அளவுக்கு 1956-ல் சோரான் ரான்ட் வைத்த பெயர் எக்ஸர்ஜி.

இப்போ படத்துக்குத் திரும்புங்க. மின்நிலையங்களிலிருந்து கிளம்புற வெளிர் சாம்பல் பட்டை ரொம்பத் தடிமன். அதில் பெரும்பகுதி கண்டன்சரில் போகும் வெதுவெதுப்பான தண்ணீர், சுமார் 40 டிகிரி. அளவில் மலை, வேலைத்திறனில் கடுகு. உண்மையான இழப்பு நடந்தது அங்கே இல்லை. 1,500 டிகிரி சுடரின் வெப்பத்தை 540 டிகிரி நீராவிக்குக் கைமாத்தினோமே, அந்தப் பாய்லர்லயே நடந்துடுச்சு. அந்த இழப்புக்குப் படத்தில் பட்டையே கிடையாது.

இதன் மறுபக்கமும் உண்டு. பயன்பட்ட ஆற்றல் என்ற பெட்டியும் அவ்வளவு சுத்தமில்லை. வீட்டு கீசரை எடுத்துக்குங்க. வாங்குற மின்சாரம் கிட்டத்தட்ட முழுசும் தண்ணீருக்குள்ள போயிடுது, அதனால இந்தக் கணக்கில் அது உத்தமமான கருவி. ஆனா 30 டிகிரித் தண்ணீரை 50 டிகிரி ஆக்கத் தேவையான எக்ஸர்ஜி, செலவழிச்ச மின்சாரத்தில் 3 சதவீதம்தான். ஹீட் பம்ப் போட்டா அதே வாளித் தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் சூடாகும். பெரிய சேமிப்பு "பயன்" பெட்டிக்குள்ள ஒளிஞ்சிருக்கு, நாம "கழிவு" பெட்டியில தேடிக்கிட்டிருக்கோம்.

இது புதுசா நான் கண்டுபிடிச்சதில்லை. அமெரிக்க இயற்பியல் கழகம் 1974-ல் நடத்தி 1975-ல் வெளியிட்ட ஆய்வு, திறனை இரண்டாம் விதியின்படியும் அளக்கணும்னு விரிவாவே பேசிடுச்சு. ஐம்பது வருஷம் ஆச்சு. ஸ்லைடுகளுக்கு இன்னும் சேதி போய்ச் சேரலை.

நல்ல அறிக்கை, அவசர மேற்கோள்

எரிசக்தித் துறைக்காக 2008-ல் வெளிவந்த தொழில்துறைக் கழிவு வெப்ப மீட்பு அறிக்கையை இந்த விஷயத்தில் முன்மாதிரின்னு சொல்வேன். அது வெப்பத்தைத் தரம் பிரிக்குது. 230 டிகிரிக்குக் கீழே தாழ்நிலை, 650 வரை இடைநிலை, அதுக்கு மேலே உயர்நிலை. எந்த வெப்பநிலை வரை ஆற விடுறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதால் 25 டிகிரிக்கு ஒன்று, 150 டிகிரிக்கு ஒன்று என இரண்டு கணக்கு போடுது. மீட்கப்படாத வெப்பத்தில் சுமார் 60 சதவீதம் தாழ்நிலையில் இருக்கு என்பது அதன் முக்கியமான முடிவு.

ஆனா இந்த அறிக்கையிலிருந்து ஊர் சுற்றுற வரி எது? "தொழிற்சாலை ஆற்றலில் 20 முதல் 50 சதவீதம் கழிவு வெப்பமாகப் போகிறது." அட்டவணையை விட்டுட்டு முன்னுரையை மட்டும் எடுத்துக்கிட்டாங்க.

சிமெண்ட் சொல்லும் பாடம்

எங்கே இது நிஜமாவே வேலை செய்யுது? சிமெண்டில். ப்ரீஹீட்டரை விட்டு வெளியேறும் புகை 300 டிகிரிக்கு மேல் இருக்கலாம், ராத்திரி பகல் ஓடும், ஒரே இடத்தில் கிடைக்கும். அதில் நீராவி உண்டாக்கி டர்பைன் ஓட்டி, ஆலையின் மின்தேவையில் 30 சதவீதம் வரை எடுக்கலாம். ஜப்பான், சீனா, இந்தியா என்று பல நாடுகளில் ஓடிக்கிட்டிருக்கிற தொழில்நுட்பம்.

அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. ப்ரீஹீட்டரில் அடுக்குகளைக் கூட்டினால் புகையின் சூடு உள்ளே வரும் மூலப்பொருளுக்கே போயிடும், எரிபொருள் குறையும். ஆனா வெளியேறும் புகை ஆறிடுறதால டர்பைனுக்குக் கிடைப்பதும் குறையும். ஈரமான சுண்ணாம்புக்கல் உள்ள ஆலையில் அதே புகை கல்லை உலர்த்தவும் வேணும். ஆக, கழிவுன்னு பெயர் வைச்சதில் பாதிக்கு ஏற்கனவே வேலை இருக்கு. அடுக்கைக் கூட்டாம டர்பைனை மட்டும் வாங்குறவர், ஓட்டை வாளிக்கு அடியில தங்கக் கிண்ணம் வைக்கிறவர் மாதிரி.

சாயப்பட்டறையில் ஒரு கணக்கு

இதெல்லாம் ஏட்டுச் சண்டை இல்லை. என் மச்சினன் பவானி பக்கம் ஒரு சின்னச் சாயப்பட்டறையில் பங்குதாரர். ஒரு விற்பனையாளர் இதே படத்தை முதல் ஸ்லைடா வச்சு, சுடுதண்ணிக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கும் மெஷினுக்கு விலை கொடுத்திருந்தார். "மாமா, மூணுல ரெண்டு பங்கு சூடு வீணாப் போகுதுங்கறாங்க. கரண்டா மாத்திக் குடுக்கறாங்களாம், போட்டுடலாமுங்களா?"ன்னு போன்ல கேட்டார்.

ஆயிரம் லிட்டருக்குக் கணக்கு போட்டோம். கழிவு 80 டிகிரி, வெளியே 30. அதிலுள்ள வெப்பம் 58 யூனிட்டுக்குச் சமம். கேட்க ஜோரா இருக்கு. ஆனா அதிலிருந்து எடுக்கக்கூடிய உச்ச மின்சாரமே சுமார் 4.3 யூனிட். நிஜ மெஷின் பாதி கொடுத்தா 2 யூனிட். அதே கழிவை ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியா விட்டு உள்ளே வரும் பச்சைத் தண்ணியை 40 டிகிரி சூடாக்கினா? 75 சதவீதத் திறனுள்ள பாய்லரில் சுமார் 16 கிலோ விறகு மிச்சம். விறகு கிலோ 6 ரூபாய், கரண்ட் யூனிட் 8 ரூபாய்னு வச்சா, ஒரு பக்கம் 96 ரூபாய், இன்னொரு பக்கம் 16 ரூபாய். மின்சாரம் எடுக்கிற மெஷினுக்கு விலையும் அதிகம்.

ஹீட் எக்ஸ்சேஞ்சரிலும் தொல்லை இல்லாம இல்லை. பஞ்சுத் தூசி அடைச்சுக்கும், முன்னாடி ஃபில்டர் வேணும். சூடான வடிகாலையும் ஆறின வடிகாலையும் தனித்தனிக் குழாயா பிரிக்கணும். சாயத் தொட்டி காலியாகும் நேரமும் நிரப்பும் நேரமும் ஒத்துப் போகாது, நடுவுல ஒரு டேங்க் வேணும். ஆனா ஆர்.ஓ.வுக்குப் போகுமுன் தண்ணியை எப்படியும் ஆற வைக்கத்தானே வேணும், அந்த வேலை இதுலயே முடிஞ்சுடும். இதுக்கும் முன்னாடி செய்ய வேண்டியது ஒன்று இருந்தது, கண்டன்சேட்டைத் திருப்பிப் பாய்லருக்கு அனுப்புறது. உள்ளே போகும் தண்ணி 6 டிகிரி கூடினா எரிபொருள் 1 சதவீதம் குறையும் என்பது நம்ம ஊர் ஆற்றல் தணிக்கையாளர்களின் பாலபாடம். இதுக்கு யாரும் ஸ்லைடு போடுறதில்லை, விற்க மெஷின் இல்லையே.

என் துறைக்கும் இதே கேள்வி

மென்பொருள்காரங்க மட்டும் தப்பிக்க முடியாது. தரவு மையம் வாங்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுசும் வெப்பமாத்தான் வெளியே வருது. டென்மார்க்கின் ஓடென்சே நகரில் மெட்டாவின் மையம் அந்தச் சூட்டை ஹீட் பம்ப் மூலம் ஏத்தி, ஊருக்கான வெந்நீர்க் குழாய்களுக்குக் கொடுக்குது. ஜெர்மனி 2023-ல் இயற்றிய சட்டம், 2026 ஜூலைக்குப் பின் இயங்கத் தொடங்கும் மையங்கள் குறைந்தது 10 சதவீத ஆற்றலை மறுபயன்பாட்டுக்குத் தரணும்னு விதிச்சது. அங்கே அது நியாயம். குளிர் இருக்கு, வெந்நீர்க் குழாய் ஏற்கனவே தெருவுக்குத் தெரு இருக்கு, வாங்க ஆள் இருக்கு. சிறுசேரியில் மே மாசம் வெளியேயே 40 டிகிரி. அங்கே 40 டிகிரிக் காற்றை யாருக்குக் கொடுப்பீங்க?

அதனால இங்கே முதல் கேள்வி, அந்தச் சூடு உண்டாகவே வேணுமா என்பதுதான். நம்ம துறை பெருமையாச் சொல்லும் பி.யூ.இ. என்ற அளவு இதைக் கேட்பதே இல்லை. மொத்த மின்சாரத்தை சர்வர்களின் மின்சாரத்தால் வகுக்கும், அவ்வளவுதான். சும்மா கிடக்கும் சர்வரும் அதில் "பயன்" பக்கம் நிற்கும். அதை அணைத்தால் அந்த விகிதம் மோசமாகக்கூட வாய்ப்புண்டு. சாம்பல் பட்டையின் அதே நோய்.

யாராவது இனி கழிவு வெப்பம் பற்றி ஒரு சதவீதம் சொன்னால் நான் மூன்று கேட்பேன். எத்தனை டிகிரி? எந்த நேரத்தில், எவ்வளவு தூரத்தில், யாருக்கு வேணும்? அதை உண்டாக்காமலே இருந்திருக்கலாமா? மூன்றுக்கும் விடை இருந்தா மெஷின் வாங்கலாம். மச்சினன் இப்போ குழாய் பிரிக்க ஆள் பார்த்துக்கிட்டிருக்கார். ஃபில்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை அடைக்குதுன்னு குறிச்சு வைக்கச் சொல்லியிருக்கேன். அந்த எண்கள் வந்தா அடுத்த பதிவில் போடுறேன்.