கேன் எது, கேன் எது? ‘சைலண்ட் ஈ’ பாடலும் நம் வகுப்பறையும்

ஆசிரியர்களே, தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களே,

‘சைலண்ட் ஈ’ பாட்டை நீங்கள் கேட்டிருக்கலாம். ‘தி எலக்ட்ரிக் கம்பெனி’ என்ற அமெரிக்கச் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக (1971–1977) டாம் லேரர் எழுதியது. கணிதம் கற்பித்தவர், நையாண்டிப் பாட்டுக்குப் பேர் போனவர். சொல்லின் கடைசியில் ‘ஈ’ எழுத்து வந்து உட்காரும்; தான் ஒலிக்காமல் முன்னால் உள்ள உயிரொலியை மாற்றிவிடும். ‘டப்’ ‘டியூப்’ ஆகும், ‘கப்’ ‘கியூப்’ ஆகும். அருமையான பாட்டு, ஒரு தடவை கேட்டாலே மெட்டு ஒட்டிக்கும். ஆனால் தமிழ்ப்பள்ளி ஒன்றாம் ஆண்டில் அப்படியே போட்டுக் காட்டலாமா? வேண்டாம் என்பேன்.

பாட்டின் முதல் ஜோடியையே பாருங்க. தகர டின்னுக்கான சொல் பிரம்பாக மாறுகிறது. தமிழில் எழுதினால் கேன், கேன். அடுத்தது வாணலியும் சன்னல் கண்ணாடியும்: பேன், பேன். (தலைப்பேன் வேறு நினைவுக்கு வரும்!) வாயை அகலத் திறந்து சொல்லும் அந்த முதல் ஒலி தமிழில் தனி உயிராக இல்லை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கலாம். மந்திரம் போட்டாச்சு, ஆனா எதுவும் மாறலையே! அமெரிக்கப் பிள்ளைக்கு எளிதானது நம் பிள்ளைக்குக் கடினம். ‘கிட் – கைட்’, ‘பின் – பைன்’ என்று தொடங்குங்க. வித்தியாசம் காதில் பளிச்சென்று விழும்.

மலாயையும் மறக்கக்கூடாது. அங்கே கடைசி ‘ஈ’ ஒலிக்கும். ‘சாத்தே’ வாசித்துப் பழகிய பிள்ளை, ‘லேட்’டை ‘லாத்தே’ என்று வாசித்தால் அது மக்கு இல்லை. மலாய் விதியைச் சரியாகத்தான் போட்டிருக்கு.

‘குறில் நெடிலாகுது’ என்று சொல்லிக்கொடுப்பதும் சரிவராது. ‘கிட்’டின் நெடில் ‘கீட்’ அல்லவா? ஒரு காலத்தில் அந்த விளக்கம் பொருந்தியிருக்கும். 14ஆம் நூற்றாண்டில், சாசர் காலத்தில், ‘நேம்’ என்ற சொல் ஏறக்குறைய ‘நாம’ என்றே ஒலித்தது. பிறகு கடைசி எழுத்து மௌனமானது, நெடில்களின் ஒலியும் மாறிப்போனது. எழுத்து மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

நம்மிடம் இதைவிட நல்ல பாலம் இருக்கிறது. ‘கொ’ எழுதும்போது முன்னே கொம்பு, பின்னே துணைக்கால். இரண்டும் சேர்ந்து ஒரே உயிர். ‘கைட்’ என்ற சொல்லிலும் ‘டி’க்கு முன்னே ‘ஐ’, பின்னே ‘ஈ’. பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த கதைதான். அப்புறம் எதுக்கு மந்திரம்? மந்திரம் என்று சொன்னால் ‘ஹேவ்’, ‘கிவ்’, ‘கம்’ எல்லாம் வந்து கெடுத்துவிடும். இவை தொடக்கத்திலேயே வரும் சொற்கள். ‘வி’யில் சொல்லை முடிக்க ஆங்கிலத்துக்குப் பொதுவாகப் பிடிக்காது, ‘ஹேவ்’, ‘கிவ்’ கடைசியில் ‘ஈ’ நிற்பது அதற்காகத்தான். ‘ஹக்’ ‘ஹியூஜ்’ ஆகும்போது அதே எழுத்து ‘ஜி’யின் ஒலியையும் சேர்த்து மாற்றுகிறது. லேரர் இதை ஒரே மூச்சில் தாண்டிப் போகிறார். வகுப்பில் நீங்கள் நின்று விளக்கவேண்டும்.

எஸ்.பி.எம். மாணவர்களே, இது சின்னப் பிள்ளைங்க பாடம் இல்லை. ‘ஹோப்’புடன் ‘இங்’ சேரும்போது ‘ஈ’ போய்விடும், ‘பி’ ஒன்றுதான். ‘ஹாப்’ என்றால் குறுகிய ஒலியைக் காக்க ‘பி’ இரண்டாகும். ‘நம்பியிருக்கிறேன்’ என்று எழுத வந்து இரண்டு ‘பி’ போட்டால், திருத்துபவர் கண்ணுக்கு நீங்கள் ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருப்பீர்கள்.