சின்னமலையின் முகம்

ஆடிப்பெருக்கு நாளில் வெள்ளகோவில், காங்கயம் வட்டாரத்தில் தீரன் சின்னமலையின் படத்துக்கு மாலை விழுகிறது. 1756இல் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துப் போரிட்டு, 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட அவரை உயிரோடிருந்தபோது வரைந்ததாக உறுதியாகச் சொல்லக்கூடிய படம் எதுவும் இல்லை. தலைப்பாகையும் மீசையும் குதிரையும் பிற்கால ஓவியர்களும் சிற்பிகளும் தந்தவை. இப்படி ஒரு தலைவருக்கு முகம் வரைந்து கொடுப்பது தகும். அதைக் கற்பனை என்று சொல்லாமல் விடுவதுதான் பிழை.

நேரில் பார்த்து வரைந்ததுதான் உண்மை, மற்றது புனைவு என்ற வாதத்தை அதே காலத்துப் படங்களே தளர்த்துகின்றன. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவை ஜார்ஜ் வில்லிசன் 1770களில் சென்னையில் வரைந்தார். முத்துமாலைகளும் வாளுமாகப் பேரரசரைப் போல நிற்கும் அந்த நவாப், உண்மையில் கம்பெனிக்காரர்களிடம் பட்ட கடனில் மூழ்கியிருந்தார். 1801இல் அவர் வம்சத்தின் ஆட்சியுரிமையே கம்பெனியிடம் போய்விட்டது. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய, கம்பெனியின் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸ் பிரபுவின் சிலை நிற்கிறது. அதன் பீடத்தில் மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் மைந்தர்கள் 1792இல் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி உண்டு. 1781இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் கார்ன்வாலிஸின் படை சரணடைந்ததற்கு அங்கே இடமில்லை. முகத்தையும் உடையையும் அறிய இவை நல்ல சான்றுகள். அதிகாரத்தின் அளவை அறிய இவற்றை நம்ப முடியாது. பணம் கொடுத்தவரின் விருப்பம் அவற்றில் கலந்திருக்கிறது. படம் எழுதச் சொல்ல ஆளும் பொருளும் இருந்தவர்கள் மட்டுமே வரலாற்றில் முகத்தோடு நிற்பார்கள் என்றால், தோற்றவர்கள் இரண்டாம் முறையும் தோற்பார்கள். அந்தக் குறையைக் கற்பனைப் படம் ஈடுசெய்கிறது. பள்ளிப் பிள்ளைக்கு நினைவில் பிடித்துக்கொள்ள ஓர் உருவம் கிடைக்கிறது.

ஆனால், ஒரே உருவம் 2005இன் அஞ்சல்தலையிலும் சிலைகளிலும் பதாகைகளிலும் திரும்பத் திரும்ப வரும்போது அதுவே சான்று போலாகிவிடுகிறது. அவருடைய போர், கூட்டாளிகள், கம்பெனியின் ஆவணங்கள் பற்றிய கேள்விகள் மீசையின் கம்பீரத்துக்குப் பின்னால் மறைகின்றன. கற்பனை என்று எழுதினால் மதிப்புக் குறையும் என அஞ்சுவோர் உண்டு. வேணுகோபால் சர்மா வரைந்த திருவள்ளுவர் படம் கற்பனை என்று தமிழுலகம் அறியும். வள்ளுவருக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. எனவே நினைவிடங்களிலும் பள்ளிகளிலும் உள்ள ஒவ்வொரு சின்னமலை படத்தின் கீழும் ஓவியர் பெயரும் வரைந்த ஆண்டும் ‘கற்பனை ஓவியம்’ என்ற குறிப்பும் இருக்க வேண்டும். மெய்யாகவே போராடிய ஒருவருக்கு நாம் செய்யும் மரியாதையும் மெய்யாக இருக்கட்டும்.