செய்யவிடும் கேம், செய்யவைக்கும் கேம்

ஒரு கேமைப் பற்றி நண்பர்களிடம் வாய் திறந்தாலே இரண்டில் ஒரு பதில் வந்துவிடுகிறது. "இந்த வயசுல கேமா?" என்பது முதலாவது. "ஐயையோ, பதினெட்டுனு போட்டிருக்கே, ஒரே வெட்டுக்குத்தா இருக்குமே" என்பது இரண்டாவது. கேம் என்றாலே குழந்தைகளுக்கு என்று ஒரு கூட்டம். குழந்தைகளுக்கு இல்லையென்றால் அசிங்கமாகத்தான் இருக்கும் என்று இன்னொரு கூட்டம். இரண்டும் ஒரே வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகின்றன. இதைச் சொல்கிறவர்கள் தடித்த நாவல்களை ராத்திரி முழுக்கப் படிக்கிறவர்கள், ஈரானியப் படங்களைத் தேடிப் பார்க்கிறவர்கள் என்பதுதான் என்னால் தாங்க முடியாத விஷயம். உங்களுக்காகத்தான் ஐயா இந்தக் கேம்களைச் செய்து வைத்திருக்கிறார்கள். உள்ளே வாருங்கள்.

அடிப்படையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பெரிய நிறுவனத்தின் பணமும் கட்டளையும் இல்லாமல் ஒருவரோ ஒரு சிறு குழுவோ செய்வது இண்டி கேம். வயதுக்குறி அமெரிக்காவில் இ.எஸ்.ஆர்.பி. என்ற அமைப்பின் வேலை. 'மார்ட்டல் காம்பட்', 'நைட் ட்ராப்' ஆகிய கேம்களைப் பார்த்துப் பதறி 1993-ல் செனட்டில் விசாரணை நடந்தது. அதன் விளைவாக 1994-ல் பிறந்த அமைப்பு இது. எல்லோருக்கும் 'இ', பத்துக்கு மேல் 'இ10+', பதின்வயதுக்கு 'டி', பதினேழுக்கு மேல் 'எம்'. ஐரோப்பாவில் 2003 முதல் பெகி: 3, 7, 12, 16, 18. அந்தப் பதினெட்டு ஒரு சிவப்புச் சதுரத்துக்குள் இருக்கும். உங்கள் போனில் பிளே ஸ்டோர் காட்டும் எண் ஐ.ஏ.ஆர்.சி. என்ற கூட்டமைப்பின் வழியாக வருவது. கேம் செய்தவர் ஒரு வினாத்தாளை நிரப்பினால் போதும், நாட்டுக்கு நாடு குறி கிடைத்துவிடும். ரத்தம் உண்டா, நிர்வாணம் உண்டா, கெட்ட வார்த்தை, போதை, சூதாட்டம் உண்டா? நம்மூர் 'யு', 'ஏ' சான்றிதழ் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. வீட்டில் சிறு பிள்ளை இருந்தால் அந்தக் குறியை மதியுங்கள். அதற்கு எதிராக நான் ஒரு வார்த்தையும் சொல்லப்போவதில்லை.

ஆனால் அந்தக் கேள்விகளை இன்னொரு முறை படியுங்கள். எல்லாமே கண்ணையும் காதையும் பற்றியவை. பெட்டியில் போட்டு விற்கும் கேமுக்கு இ.எஸ்.ஆர்.பி.யிடம் குறி கேட்கும்போது, கடுமையான காட்சிகளைத் தொகுத்து ஒரு வீடியோவாகக் கொடுக்க வேண்டும். குறி போடுகிறவர்கள் அதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். கேமில் மிக முக்கியமான உறுப்பு கண் அல்ல, கை. அந்தக் கை என்ன செய்தது என்பது எந்த வீடியோவிலும் தெரியாது.

உதாரணம் சொல்கிறேன். 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. லூகாஸ் போப் என்ற ஒரே மனிதர் செய்து 2013-ல் வெளியிட்டது. அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நீங்கள் ஒரு குமாஸ்தா. ஆண்டு 1982. வரிசையில் ஆட்கள் வருகிறார்கள். பாஸ்போர்ட்டில் தேதி, ஊர், முகம் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். சரியாக முடித்த ஆளுக்கு ஐந்து காசு. ஒரு நாளில் முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கைச் சீட்டு, மூன்றாவதிலிருந்து அபராதம். சாயங்காலம் வீட்டுக் கணக்கு: வாடகை, சாப்பாடு, குளிருக்குச் சூடு, மருந்து. வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா.

ஒரு நாள் ஒரு மனிதர் வருகிறார். காகிதம் எல்லாம் சரி. போகும்போது, பின்னால் என் மனைவி வருகிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். அடுத்து அவள் வருகிறாள். அனுமதிச் சீட்டு இல்லை. திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள்.

இந்தக் கேமை என் சித்தப்பாவின் டேப்லெட்டில் போட்டுக் கொடுத்தேன். முப்பது வருஷம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து மனு வாங்கி ஓய்வுபெற்றவர். கேம் என்றால் என்னவென்றே தெரியாது. மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. "அந்தப் பொண்ணை விட்டிருக்கலாம்டா. ஏற்கனவே ரெண்டு சீட்டு வந்திருச்சு, மாமியாருக்கு மருந்து வாங்கணும்னு கணக்குப் போட்டுட்டேன்." நான், "விளையாட்டுதானே சித்தப்பா, திரும்ப ஆடுங்க" என்றேன். "அது எப்படிடா திரும்ப ஆடுறது" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அவர் ஒரு பிணத்தையும் பார்க்கவில்லை. ஒரு முத்திரை குத்தினார், அவ்வளவே.

இதே கேமில் ஆட்களை ஊடுகதிர் எடுத்துப் பார்க்கும் இயந்திரம் ஒன்று உண்டு. திரையில் வருவது நிர்வாணப் படம். 2014-ல் ஐபேட் பதிப்பில் அந்த நிர்வாணத்தை எடுக்கச் சொன்னது ஆப்பிள். பிறகு மனம் மாறி அனுமதித்தது. சண்டை முழுவதும் அந்தச் சாம்பல்நிறப் புள்ளிப் படத்தைப் பற்றி. எதிரில் நிற்பவரை அவமானப்படுத்தும் அந்த பட்டனை நாளுக்கு நாள் யோசிக்காமல் அழுத்தப் பழகுகிறதே நம் விரல், அதைப் பற்றி யாரும் பேசவில்லை. வயதுக்கு வந்தவர்களுக்கான விஷயம் அதுதான். கேமின் செட்டிங்ஸில் போய் நிர்வாணத்தை அணைத்துவிடலாம். விரலை அணைக்க வழியில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். நம் மொழியிலேயே இதற்குச் சொல் தயாராக இருக்கிறது. செய்யவைப்பது வேறு, செய்யவிடுவது வேறு. இரண்டும் துணைவினைதான். 'வை'யில் பொறுப்பு வைத்தவருடையது. 'விடு'வில் பொறுப்பு செய்தவருடையது. ஒரு குழந்தையைப் பொய் சொல்ல வைத்தால் தவறு உங்களுடையது. பொய் சொல்ல விட்டால், உங்களுக்கும் பங்கு உண்டு, ஆனால் குழந்தை தன்னைத்தானே சந்திக்கிறது. கனமான விஷயத்தைக் கையிலெடுக்கும் ஒவ்வொரு கேமையும் இந்த ஒரு உரைகல்லில் தேய்த்துப் பாருங்கள்.

'ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்' என்று 2012-ல் ஒரு கேம் வந்தது. இண்டி இல்லை, ஆனால் அதன் நிழல் இண்டி உலகில் நீளமாக விழுந்திருக்கிறது. அதில் வெள்ளைப் பாஸ்பரஸ் குண்டு போடும் கட்டம் ஒன்று. போடாமல் கதை நகராது. போட்ட பிறகு கருகிய பொதுமக்களைக் காட்டி, பார், என்ன செய்தாய் என்கிறது. விமர்சகர்கள் உருகினார்கள். நான் உருகவில்லை. வேறு கதவே வைக்காமல் என்னைத் தள்ளிவிட்டு, ஏன் வந்தாய் என்று கேட்பது நேர்மையில்லை. அது செய்யவைக்கும் கேம். 'எம்' குறி சரியாகவே விழுந்திருக்கிறது. முதிர்ச்சி வந்து சேரவில்லை.

'திஸ் வார் ஆஃப் மைன்' அப்படியல்ல. வார்சாவில் இயங்கும் 11 பிட் ஸ்டுடியோஸ் 2014-ல் வெளியிட்டது. 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகையின் நினைவில் பிறந்தது. நீங்கள் சிப்பாய் இல்லை. இடிந்த வீட்டில் ஒளிந்திருக்கும் சாதாரண ஆட்கள். பாவ்லே ஓட்டக்காரன், புரூனோ சமையல்காரன், காத்யா நிருபர். பகலில் அடுப்பு மூட்டுவது, இரவில் வெளியே போய்ப் பொருள் பொறுக்குவது. ஒரு வீட்டில் வயதான தம்பதி. அலமாரியில் மருந்து இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல். கிழவரால் தடுக்க முடியாது, கெஞ்ச மட்டுமே முடியும். எடுக்கலாம், எடுக்காமலும் வரலாம். கேம் ஒன்றும் சொல்லாது. பின்னணி இசைகூட உங்கள் பக்கமோ அவர் பக்கமோ சாயாது. எடுத்துக்கொண்டு வந்தால் மறுநாள் உங்கள் ஆள் மனம் குன்றி உட்கார்ந்திருப்பான். நாள்பட்டால் எழுந்து வேலை செய்யவே மறுப்பான். போலந்து அரசு 2020-ல் இந்தக் கேமைப் பள்ளிகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது, வயதுக்குறியை மதித்து, பதினெட்டு நிரம்பிய மாணவர்களுக்கு மட்டும். வெட்டுக்குத்து என்று நீங்கள் ஒதுக்கியதை ஒரு நாடு பள்ளிக்குப் பரிந்துரைத்தது.

குறி போடுகிறவர்களுக்கே இந்த வித்தியாசம் ஒருமுறை பிடிபட்டிருக்கிறது. 'டிஸ்கோ எலிசியம்' 2019-ல் வந்த கேம். குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்துபோன ஒரு துப்பறிவாளனின் கதை. 2021 மார்ச்சில் அதன் 'ஃபைனல் கட்' பதிப்புக்கு ஆஸ்திரேலியா குறி தர மறுத்தது. குறியில்லை என்றால் அங்கே விற்கவே முடியாது. போதைப்பொருள் எடுத்தால் நாயகனின் திறன் கூடுகிறது, ஆகவே போதைக்குப் பரிசு தருகிறது என்பது காரணம். மே மாதம் மறுபரிசீலனைக் குழு அதையே எடுத்து ஆராய்ந்தது. தொடர்ந்து எடுத்தால் கெடுதலும் வருகிறது, தவிர்க்கவும் கேம் தூண்டுகிறது என்று கண்டு, பதினெட்டுக்கு மேற்பட்டவர்களுக்கான ஆர்18+ கொடுத்தது. முதல் குழு பாட்டிலைப் பார்த்தது. இரண்டாவது குழு, எடுத்தவனுக்கு அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்று பார்த்தது. செய்யவிடும் கேமை அப்படித்தான் படிக்க வேண்டும்.

நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. 'அண்டர்டேல்' அமெரிக்காவில் வெறும் இ10+. அதில் ஆரம்பத்திலேயே உங்களைத் தாய்போல் பார்த்துக்கொள்ளும் ஒருத்தியைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் பழைய சேமிப்பைத் திரும்ப ஏற்றி ஆடி அவளைக் காப்பாற்றுங்கள். நீ முதலில் என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும் என்று ஒரு பூ வந்து சொல்லும். 'செலஸ்ட்' கேமுக்கும் இ10+தான். மலையேறும் ஒரு பெண்ணின் மனப்பதற்றத்தை நம் கட்டைவிரலுக்கே கடத்திவிடுகிறது. டொரான்டோவிலிருந்து 2023-ல் வந்த 'வெண்பா'வில் இட்லி ஊற்றுவதும் புட்டு அவிப்பதும்தான் வேலை. மகன் தாய்மொழியிலிருந்து விலகிப்போவதைப் பார்த்துக்கொண்டு சமைக்கிறாள் ஒரு தமிழ்த் தாய். பத்து வயதுப் பிள்ளைக்கு அது சமையல் விளையாட்டு. வெளிநாட்டில் பிள்ளை வளர்த்தவருக்கு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி மேலோட்டமானவற்றை அடையாளம் காட்டிவிடுகிறேன். அழகான பொம்மை திடீரென்று பல்லைக் காட்டிப் பாயும் கேம்கள் எல்லாம் யூடியூபர்கள் வாய்விட்டு அலறுவதற்காகச் செய்யப்படுபவை. மழை, பியானோ, மெதுவாக நடக்கும் ஒரு பெண், கடைசியில் எல்லாமே இழப்பின் துயரம்தான் என்று விளக்கும் ஒரு கடிதம் என்று இன்னொரு மோஸ்தர் இருக்கிறது. அது துயரத்தைச் சுவரொட்டியாக்குகிறது. தேர்வு இரண்டு கொடுத்து, ஒன்றுக்குச் சிவப்பு நிறமும் மற்றதற்கு நீல நிறமும் பூசி, எது நல்லது என்று முன்கூட்டியே சொல்லிவிடும் கேம்களும் அதே வகை. 'சினிமாவுக்கு நிகராக வளர்ந்துவிட்டது' என்று கேமைப் பாராட்டுகிற விமர்சகரை நம்பாதீர்கள். அவர் திரையை மட்டுமே பார்த்திருக்கிறார். அதைவிடக் கோபம், முழு கேமையும் யாரோ ஆடக் காணொளியில் பார்த்துவிட்டு 'எனக்குத் தெரியும், நல்லாத்தான் இருக்கு' என்று சொல்பவர்கள் மீது. முத்திரை குத்தியது உங்கள் கை இல்லையே!

எப்படித் தொடங்குவது? 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' 2022 முதல் போனிலேயே கிடைக்கிறது. விடை சொல்லும் பக்கங்களைப் படிக்காதீர்கள். முடிந்த நாளுக்குத் திரும்பிப் போய் மாற்றி ஆட அந்தக் கேம் அனுமதிக்கும். முதல் முறை அதைத் தொடாதீர்கள். 'திஸ் வார் ஆஃப் மைன்' விடியும்போது தானாகச் சேமித்துக்கொள்ளும். இரவு ஏதாவது தப்பாகிவிட்டால் பாதியில் மூடிவிட்டுத் திரும்ப ஆட ஒரு வழி இருக்கிறது. மூடாதீர்கள்.

நானும் மூடத்தான் பார்த்தேன். அந்தக் கேமில் ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. பாவ்லேயை அனுப்பினேன், வெறுங்கையோடு. உள்ளே ஒரு சிப்பாய், பசியோடு வந்த ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தான். பேச்சு எங்கே போகிறது என்று புரிந்தது. அலமாரிக்குப் பின்னால் நின்றேன். போய்த் தடுக்கலாம், அவன் சுடுவான். விரல் பட்டனிலேயே இருந்தது, அழுத்தவில்லை. அவளை இழுத்துக்கொண்டு போன பிறகு, இருந்த டப்பாக்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்தச் சேமிப்பு பழைய லேப்டாப்பில் இன்னும் கிடக்கிறது. ஒன்பதாம் நாளில் நிற்கிறது.

போன வாரம் சித்தப்பா, அடுத்தது என்னடா இருக்கு என்று கேட்டார். 'திஸ் வார் ஆஃப் மைன்' போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அடுப்பு எப்படிச் செய்வது, மரக்கட்டை எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். சூப்பர் மார்க்கெட்டைப் பற்றி மட்டும் அவரிடம் சொல்லவில்லை.