பிள்ளைகளைக் கணக்கிடுவது யார்? மம்தானியின் நூல் குறித்து

பஞ்சாபில் கன்னா நகரை அடுத்த சிற்றூர்களில் 1950-களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தார் கருத்தடை மாத்திரைகளை வீடுவீடாக வழங்கினர். வந்தவர் மனம் நோகலாகாதென்று வாங்கிவைத்துப் பயன்படுத்தாது விட்டோர் பலர். அவ்வூர்களுள் ஒன்றாகிய மானுப்பூருக்குப் பின்னாளில் சென்ற மஹ்மூத் மம்தானி, 1972-இல் வெளியிட்ட நூலில் இதனை அறியாமை என்று கொள்ள மறுக்கிறார். கூலியாள் வைக்க வசதியற்ற ஜாட் உழவனுக்கு மகனே உழைக்கும் கை. நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பத்துக்கோ மகனின் கூலியே முதுமைக்கு ஊன்றுகோல். சாதியும் நிலமும் வகுத்த வாழ்வில் பல பிள்ளைகளைப் பெறுவது அறிவீனமன்று என்பது அவர் வாதம். நமக்கும் அது உடன்பாடே. அறிவு புகட்டினால் போதுமென்று பிரசங்க பீடத்திலிருந்து பேசிவந்த நம்மையும் அது குத்துகிறது.

ஆயினும் அவர் குடும்பத்தைப் பெரிதும் ஒரே மனமுடையதாகக் கொள்கிறார். கருவைச் சுமப்பவளின் கணக்கு வேறாயிருக்கலாம் அன்றோ? சாதியும் வறுமையும் கணவன், மாமியார் வாய்ச்சொல்லாகவே அவளை வந்தடைகின்றன. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15–49 வயதுள்ள மணமான பெண்களுள் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர். கணவர் செய்துகொண்டதோ 0.3 விழுக்காடே. மணமக்களுக்கு நடத்தும் ஆயத்த வகுப்பில் பெண்ணைத் தனியே அழைத்து அவள் விருப்பம் கேட்ட போதகர் நம்முள் சிலரே.